சட்டைப் பொத்தான்

அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளிலிருந்து பிரித்தெடுத்த கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, எஃகு உருளைகளில் அடைத்து, தரைக்கடியில் குழிகளில் இறக்கி வைக்கிற கூடம் அது. இறக்கும் கிரேனை ஓட்டுகிறவருக்கு அங்கே ஆமை என்று பெயர். அவ்வளவு நிதானம். தடித்த சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, திரையைப் பார்த்தே இறக்கிவிடுவார். போகும்போதும் வரும்போதும் சோதனை வாசலில் நிற்க வேண்டும். உடம்பில் கதிரியக்கத் துகள் ஏதாவது ஒட்டியிருந்தால் மணி அடிக்கும். ஆமைக்கு அது இதுவரை வாயைத் திறந்ததே இல்லை.

அன்று காலை, உள்ளே நுழையும்போதே அடித்தது.

வரும்போதே இருக்கிறது என்றால் வீட்டிலும் இருக்கிறது. நேற்று வெளியே போகும்போது வாசல் கோட்டைவிட்டிருக்குமோ? மனைவிக்குச் சளி என்று இரண்டு நாளாகக் குழந்தை அவர் மார்பில்தான் தூங்குகிறது.

பரிசோதகர் மீட்டரைச் சட்டைமேல் ஓட்டினார். கழுத்துப் பொத்தானில் கத்தியது.

"வாங்க, வீட்டப் பாத்துடலாம்."

"குழந்தைய முதல்ல பாருங்க சார்." ஆமை வீட்டுக்குள் ஓடினார்.

தொட்டில், பொம்மை, பிஞ்சு விரல்கள். மீட்டர் சும்மா இருந்தது. ஆமை குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு அழுதேவிட்டார்.

அப்போது சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். மீட்டர் அலறியது.

பரிசோதகர் அதன் திரையைப் பார்த்தார். "இது கதிரியக்க அயோடின். நம்ம கண்ணாடியில இது கிடையாது. ஆஸ்பத்திரியில குடுக்கறது."

அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். "கிட்ட வராதீங்க. கழுத்துல கட்டி. மருந்து குடுத்து ஸ்கேன் எடுத்தாங்க. குழந்தைகிட்டப் போகக் கூடாதுன்னாங்க, அதான் சளின்னு சொன்னேன். நேத்து உங்க பொத்தானத் தைச்சுட்டு நூலப் பல்லால கடிச்சேன். எச்சில்லயும் அந்த மருந்து இருக்கும்னு யோசிக்கல."

"என்ன கட்டி?"

"நாளைக்குத்தான் சொல்வாங்க. தெரிஞ்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

சற்றுமுன் ஆமை பட்ட பயமெல்லாம் இதன்முன் ஒன்றுமே இல்லை. குழந்தை அம்மாவைப் பார்த்துக் கை நீட்டியது. அவள் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

ஆமை குழந்தையைப் பரிசோதகரிடம் கொடுத்துவிட்டு அவளிடம் போனார்.

"தள்ளி நில்லுங்களேன்."

"கொஞ்ச நேரத்துல ஒண்ணும் ஆகாது. இந்தக் கணக்குதான என் பொழப்பு," என்று அவள் கையைப் பிடித்தார்.