வலது ஆள்காட்டி விரலுக்கு ஒரு பக்கம்

1

இந்தக் கதை ஒரு இஸ்திரிப் பெட்டியிலிருந்து வந்தது. முதலில் தோசைக்கல் என்றுதான் எழுதியிருந்தேன். அடையாற்றில் ஒரு பிரெயில் அச்சகத்தில் பிழை பார்க்கும் அன்வரி பேகம் போன் செய்து திருத்தினாள். (பார்வையில்லாதவள். அவளைப் பற்றிய கதை அவளிடமே பிழை திருத்தப் போயிருந்தது.)

"தோசக்கல்லு இல்ல சார், இஸ்திரிப் பொட்டி. ரைட்டர்னா இன்னா வேணா எழுதிடுவீங்களா?"

2

1997, பங்குனி. அன்வரியின் வலது ஆள்காட்டி விரல் நுனி இஸ்திரிப் பெட்டியில் பட்டு வெந்து ஆறு வாரம். புதுத்தோல் வந்துவிட்டது, பிரெயில் புள்ளிகள்தான் தட்டுப்படவில்லை. பழக்கமில்லாத இடது விரலால் எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். மாதக் கடைசிக்குள் வலது விரலுக்கு உணர்வு திரும்பாவிட்டால் பைண்டிங்குக்கு மாற்றிவிடுவார்கள். வாசிப்பதை விட்டால் தனக்கு என்ன இருக்கிறது என்று பயந்தாள்.

அவள் வாசிக்க, மூலப்பிரதியை வைத்துக்கொண்டு சரிபார்ப்பவள் மயிலாப்பூர் ஸ்ரீரஞ்சனி.

"தோல் வந்துடுத்தோன்னோ? மத்ததும் வந்துண்டே இருக்கும். அவசரப்பட்டா ஆகுமா?"

3

[இங்கே ஒரு டாக்டர் வந்து விளக்குவதாக— வேண்டாம், 1997இல் அவருக்கே தெரியாது.]

நானே சொல்கிறேன். மெல்லிய தொடுதலை உணரும் செல்கள் தாமாகப் பெருகுவதில்லை. பக்கத்தில் இருக்கும் மூலச்செல்கள்தான் புதிதாக உருவாக்கி அந்த இடத்தை நிரப்புகின்றன. பிற்பாடு எலித் தோலில் கண்டது இது. அன்வரியின் விரலுக்குப் பொருந்துமா என்று கேட்காதீர்கள். பொருந்த வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

4

(இங்கிருந்து எழுதியது எதுவும் அவளிடம் பிழை பார்க்கப் போகவில்லை.)

முடிவில் விரல் திரும்புகிறது: சினிமாத்தனம். திரும்பவில்லை: எனக்கு மனசு வரவில்லை. ஒருநாள் அன்வரி— அந்த வரியை அடித்துவிட்டேன்.

கதையின் கடைசிப் பக்கத்தை வெறுமையாக விடச் சொல்லி அச்சகத்துக்கு எழுதினேன். பெரிய புதுமை என்று நினைப்பு. அவர்களும் ஒரு புள்ளிகூட இல்லாத தாளைச் சேர்த்துக் கட்டி அவள் மேசையில் வைத்தார்கள்.

5

அன்று அறுபத்துமூவர் திருவிழா. மயிலாப்பூரில் பஸ் ஓடாது, ஸ்ரீரஞ்சனி வரவில்லை. மற்றதையெல்லாம் இடது விரலால் முடித்துவிட்டு, கடைசிப் பக்கத்தை மட்டும் வலதுக்கென்று வைத்திருந்தாள் அன்வரி. பிஸ்மி சொல்லி விரலை வைத்தாள். மேலே, கீழே, மறுபடி மேலே.

"ஒண்ணுமே தெர்லியே."

இடது விரலால் ஒருமுறை தடவினால் போதும். தடவ வைக்கப் பார்த்தேன், கேட்கவில்லை. அந்த இடது கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். தப்பு என்னுடையது.

நான் சொன்னால் நம்பமாட்டாள். நீங்கள் போங்கள். தாள் காலி என்று மட்டும் சொல்லுங்கள். விரலைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். அது திரும்பியதா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. பிறகு முந்தைய பக்கத்தைத் திருப்பி அவளுடைய வலது கைக்கு நேராக வையுங்கள்.