பத்தாவது ஆள்

பட்டறையில் எனக்குப் பெயர் பேய். வைத்தவள் என் ஓரகத்தி. வீட்டில் ஒரே அடுப்படியில் முட்டிக்கொள்வது போதாதென்று, நான் வேலை பார்க்கிற இடத்துக்கே வந்து சேர்ந்த மகராசி. பள்ளிக்கூடப் பைகள் தைக்கிற பட்டறை அது. அவளுக்கு மெஷின் உண்டு, ரிஜிஸ்டரில் பெயர் உண்டு. எனக்கு இரண்டும் இல்லை. தரையில் உட்கார்ந்து, தைத்து விழுகிற பைகளில் தொங்கும் நூலைக் கத்தரித்து, ஜிப்புக்கு ரன்னர் கோத்து அடுக்கி வைப்பது என் வேலை.

பேய்ப் பட்டத்துக்குக் காரணம் இருக்கிறது. கட்டிங் மாஸ்டர் ஒருவர், மெஷினில் எட்டுப் பேர், தரையில் நான், ஆக மொத்தம் பத்து. ஒன்பது பேர் வரைக்கும் சின்னப் பட்டறை, கரண்டுக்குச் சலுகை உண்டு. பத்து ஆகிவிட்டால் சலுகை போச்சு. அதனால் ஆட்களை எண்ண ஆபீசர் வருகிறார் என்று தெரிந்ததும் நான் எழுந்துபோய், பின்சுவர் ஓரம் நிறுத்தியிருக்கும் ரெக்ஸின் சுருள்களுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். செருப்பு, சாப்பாட்டு டப்பா எல்லாம் கையோடு வரும். ஏழு வருஷத்தில் பதினாலு தடவை நின்றிருக்கிறேன், ஒரு தடவைகூட மாட்டியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

திமிருக்கு அடியில் பயமும் உண்டு. பத்தாவது ஆள் இருந்தது என்றைக்காவது தெரிந்தால், அதுவரை வாங்கிய சலுகை அத்தனையும் அபராதத்தோடு திருப்பிக் கட்டவேண்டும், அப்புறம் கதவுக்குப் பூட்டுதான் என்று நான் சேரும்போதே முதலாளி சொல்லியிருந்தார். ஓரகத்தி குடும்பத்துக்கு அவள் சம்பளம் இருக்கிறது, எங்களுக்கோ இப்போது என் சம்பளம் ஒன்றுதான். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த லாரி ஷெட்டைப் போன வருஷப் பட்ஜெட்டோடு மூடிவிட்டார்கள். பட்ஜெட் எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒருவர் என்று கணக்கு வைத்துத் தின்கிறது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். சிரிப்பு கண்ணுக்கு வராது.

இந்த வருஷப் பட்ஜெட்டை மாஸ்டருடைய ரேடியோவில் கேட்டோம். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததால் முதலில் யாருக்கும் சரியாகக் காதில் விழவில்லை. வளர்ச்சி, எதிர்காலம் என்று என்னென்னவோ போனது. திடீரென்று மாஸ்டர் கையைத் தூக்கினார். எட்டு மெஷினும் நின்றன. அடுத்த மாதத்திலிருந்து சின்னப் பட்டறை என்றால் ஐந்து பேர் வரைக்கும்தானாம். ஆறாவது ஆள் இருந்தால் சலுகை இல்லை.

எல்லார் கண்ணும் எல்லாரையும் எண்ணிக்கொண்டிருந்தது. நானும் எண்ணினேன். ஐந்து பேரில் ஒருத்தியாக நான் வருவதற்கு எந்த வழியிலும் இடமில்லை.

இரண்டு நாள் முகம் கொடுக்காமல் திரிந்த முதலாளி மூன்றாம் நாள் ஒரு யோசனையோடு வந்தார். யாரையும் நிறுத்தப்போவதில்லை, ஐந்து பேரை மட்டும் கணக்கில் காட்டலாம், மற்றவர்கள் பேய் மாதிரி ஒளிந்துகொள்ளட்டும் என்றார். மெஷின்காரர்களில் நாலு பேரிடம், தாங்களாகவே வேலையை விட்டு நின்றுவிட்டதாகக் கையெழுத்து வாங்கினார். அதில் என் ஓரகத்தியும் ஒருத்தி. ரிஜிஸ்டரில் பெயர் இருக்கிற ஆளை நிறுத்தவேண்டுமென்றால் மூன்று மாதச் சம்பளம் கொடுத்தாகவேண்டும். அந்தப் பிடியையும் சேர்த்துத்தான் அவள் எழுதிக்கொடுத்தாள். உள்ளூர எனக்கு ஒரு நிமிஷம் குளிர்ந்ததைச் சொல்லாமல் விட்டால் அது பொய். அன்று ராத்திரி அவள் சாப்பிடாமல் படுத்ததைப் பார்த்ததும் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது.

ஒளிகிற வித்தையை நான்தான் நாலு பேருக்கும் சொல்லிக்கொடுத்தேன். செருப்பை எடு, டப்பாவை எடு, தண்ணீர் பாட்டிலை மறக்காதே, மூச்சை மூக்கால் விடு. பாதியில் கிடக்கிற பையை அப்படியே விடாதே, பக்கத்து மெஷினில் போடு. இத்தனையும் சொன்னேன். அனுபவசாலி அல்லவா.

அடுத்த மாதம் நாலாம் தேதி, சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஆபீசர் வந்தார். ஜன்னல் பக்கம் இருந்த மாஸ்டர் இருமினார், அதுதான் அடையாளம். ஐந்து பேரும் சுருள்களுக்குப் பின்னால் போய்விட்டோம். ஒருத்திக்கு இருக்கிற இடம் அது. ஓரகத்தியின் நெஞ்சு என் முதுகில் அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது. என் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் விரல் மரத்துப்போனது. ஏழு வருஷத்தில் இல்லாத பயம் அன்றைக்கு எனக்கு. தனியாக நிற்கும்போது என் மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டு சுருள்களுக்கு நடுவே விரல் அகலத்துக்கு இடைவெளி. அதில் கண்ணை வைத்தேன். ஆபீசர் ரிஜிஸ்டரைப் பார்த்தார். எழுதி வாங்கிய நாலு காகிதத்தைப் பார்த்தார். ஆர்டர் குறைந்துபோச்சு, அதனால் நின்றுவிட்டார்கள் என்று முதலாளி பாடம் ஒப்பித்தார். ஆபீசர் தலையை ஆட்டிக்கொண்டே ஆளில்லாத மெஷின்களின் ஓரமாக நடந்தார். குனிந்தார். ஒன்றின் அடியில் இருந்த மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தார். அப்புறம் அடுத்தது. அப்புறம் அடுத்தது.

மெஷின் ஓட்டினால் மோட்டார் சுடும், ஆள் எழுந்துபோனாலும் ஒரு மணி நேரத்துக்கு ஆறாது. சின்னப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தோன்றவே இல்லை. நான் என்றைக்கு மெஷினில் உட்கார்ந்தேன்? கத்தரிக்கோல் சுடுமா?

ஆபீசர் சத்தம் போடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"நாலு மோட்டார் சுடுது. நாலு பேரும் வெளிய வாங்க."

என் மணிக்கட்டிலிருந்த பிடி விட்டது. ஒவ்வொருத்தியாக, நாலு பேரும் வெளியே போனார்கள். நான் அசையவில்லை. அவர் கேட்டது நாலு, போனது நாலு, கணக்கு சரியாகிவிட்டது. கையெழுத்து வாங்கிய காகிதங்களைக் கிழித்துப் போட்டு, நாலு பெயரையும் மறுபடி ரிஜிஸ்டரில் ஏற்றச் சொன்னார். இந்த மாதத்திலிருந்து சலுகை கிடையாது என்றார். பிறகு பொதுவாகக் கேட்டார்.

"வேற யாராவது இருக்கீங்களா?"

நான் போய் நின்றால் பத்து. பத்து என்றால் ஏழு வருஷத்துப் பாக்கியும் அபராதமும், பூட்டும். நிற்காவிட்டால் கணக்கில் வராமல் போவது நான் ஒருத்தி மட்டும். எட்டுப் பேர் தரையைப் பார்த்தார்கள். ஓரகத்தி மட்டும் சுருள்களைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு அவளும் தரையைப் பார்த்தாள்.

ஆபீசர் படியிறங்கிய சத்தம் அடங்கியபின் முதலாளி வந்து சுருளை விலக்கினார். என் முகத்தைப் பார்க்காமல் என் கையிலிருந்த டப்பாவிடம் பேசினார். கரண்டு ஒரேயடியாக ஏறிவிட்டது, பத்துச் சம்பளம் தாங்காது, பேர் இருக்கிறவர்களை நிறுத்தினால் மூன்று மாதச் சம்பளம் கொடுக்கவேண்டும். கடைசியில் சொன்னார்:

"உனக்குத்தான் பேப்பர்ல எதுவுமே இல்லையேம்மா."

இல்லாத ஆளை நிறுத்துவது எவ்வளவு சுலபம் பாருங்கள். ஒரு காகிதம்கூடச் செலவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. ஏழு வருஷமாகப் பின்னால் பதுங்கியது போதும், போகிறபோதாவது முன்வாசல் வழியாகப் போகிறேன் என்று விறுவிறுவென்று நடந்தேன். செருப்பைக் காலில் போடக்கூடத் தோன்றவில்லை.

கேட்டைத் தாண்டினேன். ஆபீசர் போயிருக்கவில்லை. பைக் சீட்டின் மேல் நோட்டை விரித்து வைத்து எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் ஒன்பது முகம். ஓரகத்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள்.

"நீங்க இங்க வேலை பாக்குறவங்களா?"

"இல்ல சார். பை வாங்க வந்தேன்."

"பை எங்க?"

குனிந்து பார்த்தேன். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் சாப்பாட்டு டப்பா. கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் நான் கத்தரித்த நூல் துணுக்குகள் கலர் கலராக ஒட்டியிருந்தன. அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டில் ஒரு வரி கீழே இறங்கி, பேனாவை வைத்துக்கொண்டு, உங்கள் பெயர் என்ன என்று கேட்டார்.

ஏழு வருஷத்தில் அந்த வாசலில் என் பெயரைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். பயத்தில் எனக்கு என் பெயரே ஞாபகத்துக்கு வரவில்லை.