கையெழுத்துக்குக் காத்திருந்த ஏரி

டிசம்பர் பதினேழாம் தேதி உறைந்திருக்க வேண்டிய ஏரி, டக்ளஸ் ப்ரென்னர் இன்னும் கையெழுத்துப் போடாததால் உறையவில்லை. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி இருந்தது. லாரிகளின் டீசல் உறைந்தது, தபால்பெட்டிகளின் மூடி உறைந்தது, தேவாலய மணியின் நாக்கு பாதி வீச்சில் நின்றது. ஏரி மட்டும் ஆறிப்போன கஞ்சிபோல, தண்ணீருமில்லாமல் கட்டியுமில்லாமல், அலையடிக்காமல் கிடந்தது. கார்னெட் துறை என்ற அந்தக் கரையோர ஊரின் ஜனங்கள் கரைக்கு வந்து பார்த்தார்கள். அவர் வெள்ளிக்கிழமைதான் ஏரிச் சாலைக் கோப்பைப் பார்ப்பாராம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு பால் வாங்கப் போனார்கள்.

ஹெல்வி ரான்டாவுக்கு அப்படிப் போக முடியவில்லை. அவள் வீடு ஏரிக்கு அந்தப் பக்கம், இரண்டரை மைல் தள்ளி, டோரெட் தீவில் இருந்தது. கோடையில் படகிலும் குளிர்காலத்தில் பனிக்கட்டிமேல் போடும் சாலையிலும் அவள் வேலைக்கு வந்துபோவாள். அந்தச் சாலையைத் திறப்பதுதான் அவளுடைய வேலை. மாவட்டச் சாலை அலுவலகத்தில் இருபத்திரண்டு குளிர்காலங்களாக அவள் ஒருத்திதான் இரும்புக் கம்பியோடு ஏரிமேல் நடந்து, தட்டி, சத்தம் கேட்டு, சந்தேகமான இடத்தில் மட்டும் துளையிட்டு அளந்து, சாலை தாங்கும் என்று சொல்வாள். அவள் சொன்னால் தாங்கும். காகித ஆலையில் நுரையீரலைத் தொலைத்துவிட்டு வந்த அவள் கணவன் ஆர்விட், தீவு வீட்டில் ஆக்சிஜன் உருளையோடு உட்கார்ந்திருந்தான்.

டக்ளஸ் ப்ரென்னர் மூன்று வருடங்களுக்கு முன் மேலதிகாரியாக வந்தவர். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லோருடைய பிறந்தநாளுக்கும் கேக் கொண்டுவருவார்; எந்தக் கேக் என்று முன்கூட்டியே இரண்டு தடவை எழுதி வாங்கிக்கொள்வார். முன்பு வேலை பார்த்த ஊரில் ஒரே ஒரு முறை படிக்காமல் கையெழுத்துப் போட்டதில் ஒரு பாலம் நடுவில் விட்டுப்போயிற்று. பன்றிகள் ஏற்றிய ஒரு லாரி விழுந்தது, மனிதர் யாரும் சாகவில்லை. ஆனால் அன்றிலிருந்து தான் பார்க்காத எதுவும் நடக்கக் கூடாது என்று அவர் முடிவு செய்துவிட்டார். முதல் வருடம் ஹெல்வி இட்ட துளைகளை எழுதி வாங்கினார். இரண்டாம் வருடம் அவள் அளந்ததைப் பின்னாலேயே வந்து மறுபடி அளந்தார். மூன்றாம் வருடம் ஒவ்வொரு துளைக்கு முன்னாலும் தொலைபேசியில் கேட்க வேண்டும் என்றார். அலுவலகம் மெல்ல மெல்லக் காத்திருக்கப் பழகியது. பனி அள்ளும் லாரி ஓட்டும் மெர்ல் சாபுரின், வானொலியில் உத்தரவு வராமல் இடதுபக்கம் திரும்ப முடியாதவனானான். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு முச்சந்தியில் இரண்டு நாள் நின்றிருந்தான், அவன் மனைவி அங்கேயே சூப் கொண்டுவந்து கொடுத்தாள். சமையல் மூலையில் கெட்டில் கொதிக்கும் தறுவாய்வரை வந்து, டக்ளஸ் எட்டிப் பார்த்துத் தலையசைத்த பிறகே கொதித்தது. ஏரியும் அதே ஊர்த் தண்ணீர்தானே.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் வழக்கம்போல ஊரார் தங்கள் வீட்டு மரங்களைக் கரையில் கொண்டுவந்து போட்டார்கள். வெள்ளை வெளியில் சாலை எது என்று தெரிவதற்காக அவற்றை இரண்டு ஓரமும் நட்டுக்கொண்டு போவார்கள். எண்பத்து நான்கு மரங்கள் சேர்ந்தன. டக்ளஸ் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டார். நடுவதற்கு ஏரி இல்லாததால் வண்டி நிறுத்துமிடத்தில் ஒத்திகை பார்க்கலாம் என்றார். மெர்லும் ஹெல்வியும் நாடா பிடித்து, அறுபது அடிக்கு ஒன்றாக, மளிகைக்கடை வாசல்வரை நட்டார்கள். ஐம்பத்தோராவது மரம் சாய்ந்திருப்பதாக அவர் சொன்னதால் எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி நட்டார்கள். அன்றைக்கு ஹெல்வி அவரிடம் போனாள்.

“டக்ளஸ், அந்தக் கோப்புல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க.”

“கனம் எத்தனை அங்குலம்னு எழுதாம எப்படிப் போடறது, ஹெல்வி?”

“நீங்க போட்டாத்தான் அது உறையும்.”

“அப்படி எந்த விதியிலயும் இல்லையே.”

“ஏரிக்கு அது தெரியலையே.”

அதையும் அவர் குறித்துக்கொண்டார்.

டிசம்பர் பதினேழிலிருந்தே ஹெல்வி அலுவலகப் பின்னறையில் மடக்குக் கட்டிலில்தான் படுத்தாள். அந்தக் கஞ்சியில் படகு நகரவில்லை. ஹெலிகாப்டர் கேட்டு எழுதிய படிவம் டக்ளஸின் மேசையில் நான்காவது திருத்தத்துக்காகக் கிடந்தது. தினமும் சாயங்காலம் ஆர்விட் கூப்பிடுவான்.

“உருளை எத்தனை இருக்கு?”

“மூணு. மூச்சை மிச்சம்பிடிச்சுத்தான் வச்சிருக்கேன். உங்கிட்ட பேசறதுலதான் கரையுது.”

“அப்ப வை போனை.”

“வைக்கறேன். உன் ஆபீஸ் ஏரி எப்ப உறையுமாம்?”

“கேட்டுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு, தானும் கேட்டுச் சொல்கிறவளாகிவிட்டதை ஹெல்வி கவனித்தாள். அதற்காக வருத்தப்படவும் அவளுக்குத் தெம்பில்லை.

ஜனவரி பதினோராம் தேதி காலை ஆர்விடிடம் கடைசி உருளை மட்டும் இருந்தது. ஹெல்வி மருந்துக்கடையில் இரண்டு உருளைகள் வாங்கி, மீன்பிடிக்கிறவர்கள் இழுத்துப்போகும் சறுக்குவண்டியில் கட்டிக்கொண்டு கரைக்கு வந்தாள். வலது காலைத் தூக்கினாள். கால் அந்தரத்தில் நின்றுகொண்டது. யாராவது ‘வை’ என்று சொல்ல வேண்டும் என்று அது எதிர்பார்த்தது. கால் மணி நேரம் அப்படியே நின்றாள். ஏரியும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, இருவருமே அலுவலகத்தின் பக்கம் காது வைத்திருந்தார்கள். பெரிய துணிச்சல் எதுவும் அவளுக்கு வந்துவிடவில்லை. இடுப்பு வலித்தது. இருபத்தைந்து நாளாக மடக்குக் கட்டில். தன் படுக்கையில் தன் போர்வைக்குள் படுக்க வேண்டும்போல் இருந்தது.

லாரியிலிருந்து மெர்ல் தலையை நீட்டினான். “ஹெல்வி, அவரைக் கேட்டியா?”

“கேக்கறதுக்குத் தெம்பு இல்ல, மெர்ல்.”

காலை வைத்தாள். பூட்ஸ் அகலத்துக்கு ஏரி உறைந்தது. அடுத்த காலை வைத்தாள். அதற்கும் உறைந்து முதலாவதோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் கஞ்சி அசையாமல் கிடக்க, நடுவில் ஒற்றையடிப் பாதையாகப் பனிக்கட்டி அவளுக்கு ஒரு காலடி முன்னால்கூட இல்லாமல், சரியாக அவள் பாதத்தின் கீழேயே உண்டாகிக்கொண்டு போனது. மூன்று மணி நேரம் நடந்தாள். வண்டி அவள் சுவடுகளின்மேலேயே வந்தது. வீட்டில் ஆர்விட் நீலம் பாரித்த உதடுகளோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அவள் உருளையை மாற்றி, அளவுமானியின் முள் ஏறுவதைப் பார்த்து, முகமூடியைச் சரிசெய்தாள்.

“பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வந்திருக்கலாம்” என்றான் அவன், மூச்சு வந்ததும்.

அவள் ஒன்றரை நாள் தூங்கினாள். தொலைபேசி ஓயாமல் அடித்தது. கரையில் நின்றவர்கள் தாங்களும் கால் வைக்கலாமா என்று அவளைக் கேட்டார்கள். ஆர்விட்தான் எடுத்து, அவள் தூங்குகிறாள் என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னான். மெர்ல் ஒரு காலைத் தூக்கியபடி இரண்டு மணி நேரம் நின்றான், பிறகு கை விறைத்துப்போகவே காலை வைத்துத் தீவுவரை நடந்து வந்துவிட்டான். அவனுக்குத் தனிப் பாதை உறைந்தது, ஹெல்வியுடையதைவிட அகலமாக. டக்ளஸ் ஹெல்வியின் பாதையைக் கரையில் மண்டியிட்டு எட்டிய தூரம்வரை அளந்தார். எல்லா இடத்திலும் கனம் பதினான்கு அங்குலம். ஜனவரி இருபத்தொன்பதாம் தேதி கையெழுத்துப் போட்டார். மிச்ச ஏரி ஒரே சத்தத்தில் உறைந்தது. அப்போது நாற்பத்தோரு தனிப் பாதைகள் இருந்தன. அடுத்த வருடம் அறுபது. இப்போது மாவட்ட வரைபடத்தில் அவற்றைச் சாம்பல் நிறத்தில் போட்டிருக்கிறார்கள், பழுதுபார்ப்பு அவரவர் பொறுப்பு என்ற குறிப்போடு. ஹெல்வி ஓய்வுபெறும்வரை கம்பியோடு நடந்தாள், துளைக்கு முன் தொலைபேசி செய்யவில்லை, டக்ளஸும் ஏன் என்று கேட்கவில்லை.

அவர் மாற்றலாகிப் போவதற்கு முந்தைய குளிர்காலத்தில், ஏரி உறைவதற்கு முன், மாவு மூட்டையும் காபியும் ஏற்றிக்கொண்டு அவள் தீவுக்குக் கிளம்பியபோது, டக்ளஸ் கரையில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். கையில் காகிதம் எதுவும் இல்லை.

“ஹெல்வி, இங்க வைக்கலாமா?”

அவள் நிற்கவில்லை. வண்டி கனமாக இருந்தது. வெகுதூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது அவர் கரையைவிட்டு ஓரடி உள்ளே, இரண்டு காலும் சேர்த்து, குனிந்து தன் காலடியைப் பார்த்தபடி நின்றிருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம்வரை நின்றதாக மெர்ல் சொன்னான். இப்போதும் ஒவ்வொரு குளிர்காலமும் ஏரியில் முதலில் உறைவது அந்த இரண்டு பாத அகலம்தான். பள்ளிப் பேருந்து தாமதமானால் பிள்ளைகள் முறை வைத்து அதன்மேல் ஏறி நிற்பார்கள்.