நாற்பத்தெட்டு சென்டிமீட்டர்

கடலுக்குப் போன படகுகளோடு பேசுவதற்கான ரேடியோ நிலையம் அது. மொட்டைமாடியில் நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் ஆன்டெனா. படகுகள் பேசும் அதிர்வெண்ணுக்கு அலைநீளம் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதில் கால்வாசி போதும். புது அதிகாரிக்குப் போதவில்லை.

“இவ்வளவு பெரிய கட்டடத்து மேல ஊதுவத்தி மாதிரி நிக்குதே?”

“அலையோட நீளத்துக்குத்தான் சார் வெட்டணும்,” என்றாள் ஆபரேட்டர்.

“அலை நமக்கு அளவு சொல்லுமாம்மா? நான் பார்க்காத அலையா?”

முப்பது வருஷமாக அவர் பார்த்தது கோப்புகளை. புதுக் கட்டடத் திறப்பு விழாப் படத்தில் எடுப்பாக விழவேண்டுமென்று, வெல்டர் வந்து இரண்டு மீட்டருக்கு நீட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அனுப்புகிற சக்தியில் பெரும்பகுதி வெளியே போகாமல் ரேடியோ பெட்டிக்கே திரும்பியது. அவள் அவருக்கு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றிலும் ‘பார்த்தேன்’ என்று கையெழுத்து விழுந்தது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு புயல் எச்சரிக்கை. பதினேழு படகுகளைக் கூப்பிட்டாள். பதினாறு திரும்பின. எல்லாவற்றுக்கும் தள்ளிப் போயிருந்த பதினேழாவதில் அவள் அண்ணன் இருந்தான். மறுநாள் காலை அண்ணி போன் செய்தாள்.

“பதில் வந்துச்சா?”

“இல்ல அண்ணி.”

“கூப்பிட்டுட்டுத்தானே இருக்க?”

“விடாம கூப்பிடுறேன்.”

கூப்பிடுவது அந்தப் படகுக்குப் பாதி தூரம்கூடப் போகவில்லை என்பதை அவள் சொல்லவில்லை. ரம்பத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். ஸ்கேலை வைத்து அளந்து, கோடு கிழித்து, அறுத்தாள். இறங்கி வந்து கூப்பிட்டதும் தூரத்துச் சரக்குக் கப்பல் ஒன்று பளிச்சென்று பேசியது.

“நீங்க சொல்ற நம்பர் படகு இங்க கவுந்து கெடக்கும்மா. ஆள் யாரும் கண்ணுல படல.”

இருப்பிடத்தைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதினாள். மீட்புப் படகுக்குச் சொன்னாள். எழுத்து வழக்கம்போல் அழகாக இருந்தது.

அதிகாரி மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

“யாரைக் கேட்டு வெட்டினே? நாளைக்கு விழாம்மா.”

“மேல ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சொருகுங்க சார். அலை அதைக் கண்டுக்காது.”

அவர் முகம் தெளிந்தது. “எவ்வளவு உயரத்துக்கு வைக்கலாம்?”

“உங்க இஷ்டம்.”

“அப்ப மூணு மீட்டர்,” என்றபடி பெயின்டரைத் தேடிப் போனார்.

அவள் அண்ணியின் எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே அண்ணி எடுத்துவிட்டாள்.