இரவல் செல்லாத நாள்

“நீ கழிவறைக்குப் போறேன்னு நெனச்சோம், கிட்டல். பத்தொன்பது வருஷமா ஊரே அப்படித்தான் நெனச்சிட்டிருந்துது. சர்க்கரை வியாதியா இருக்குமோன்னு உங்கக்கா கவலைப்பட்டா.”

“எங்கே போறேன்னு நீங்க கேக்கவே இல்லையே அத்தான். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

“கேக்காமலேதான் பேப்பர்ல சொல்லிட்டியே.”

யூதப் புத்தாண்டுப் பண்டிகை முடிந்த ஞாயிற்றுக்கிழமை அது. அமெரிக்காவின் வடக்கே டுலூத் என்ற ஏரிக்கரை ஊர், அதன் யூத ஜெப ஆலயத்துச் சமையலறை. கையில் செய்தித்தாளை உருட்டிப் பிடித்திருந்த ஹெஷி, ஆலயத்தின் தலைவர். ஊரில் பாதிப் பேருக்கு மூக்குக் கண்ணாடி போட்டுவிட்டவர். எதிரே நின்ற கிட்டல் அவர் மனைவி ரைஸலின் தங்கை. ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர், ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஊரில் மூன்று கதைகள் உண்டு, மூன்றும் தப்பு. பக்கத்து அறையில் பண்டிகை விருந்தின் மீன் ஜாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தவர்கள் குழாயை மூடிவிட்டார்கள். தண்ணீர்ச் சத்தத்தில் ஒரு வார்த்தை தவறிப்போனால் அதை யார் திருப்பிச் சொல்லப் போகிறார்கள்?

விஷயம் இதுதான். சனிக்கிழமை ஓய்வுநாள் தோறும் ஜெபத்தின் நடுவே இஸ்ரேல் அரசுக்காக ஒரு பிரார்த்தனை வரும். எல்லாரும் எழுந்து நிற்பார்கள். கிட்டல் அந்த நேரம் பார்த்து நடைபாதைக்கு நழுவி, முடிந்ததும் திரும்பி வந்து உட்காருவாள். காஸாவில் போர் மூண்ட பிறகு, நழுவுவது போதாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ‘யூத மதம் வேறு, சியோனிசம் என்கிற யூத நாட்டுக் கொள்கை வேறு, நான் முதலாவதைச் சேர்ந்தவள்’ என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, கீழே முழுப் பெயரையும் போட்டுவிட்டாள்.

“எங்கம்மாவோட தம்பி நாஜி முகாம்லேருந்து எலும்பும் தோலுமா வெளியே வந்தப்போ எந்த நாடு அவருக்குக் கதவைத் திறந்துது? உன்னோட அமெரிக்காவா?” என்றார் ஹெஷி.

“திறக்கலை. அது மகா பாவம். நான் இல்லைங்கலை.”

“இஸ்ரேல்ல ஹைஃபா திறந்துது.”

“ஹைஃபால அவருக்குக் கொடுத்த வீட்டு அலமாரில ஒரு அரபுக் குடும்பத்தோட நீல விளிம்புத் தட்டெல்லாம் அடுக்கி இருந்துதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அந்தக் குடும்பம் எங்கே போச்சு அத்தான்?”

“தட்டைப் பத்திப் பேசாதே.”

“அடுத்தவன் வீட்டை எடுக்காதேன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்த மதம்தான். இதை விட்டுட்டு அதைச் சொல்லலை. இதை வச்சுக்கிட்டுத்தான் சொல்றேன்.”

ஹெஷியின் மகள் ஹைஃபாவில்தான் இருந்தாள். இரவில் ஏவுகணைச் சைரன் ஊதினால் அவள் பதுங்கப் படிக்கட்டில் ஓடுவது இவருக்கு இங்கே கேட்கும். அப்படிப்பட்ட மனிதரிடம் தட்டைப் பற்றிப் பேசியிருக்க வேண்டாம் என்று ஊரில் பாதி சொன்னது. மற்ற பாதி ஏரிக் காற்றைப் பற்றிப் பேசியது. அதுவும் ஒரு மாதிரியான பேச்சுதான்.

“கூடாரப் பண்டிகைல துதிப்பாட்டு நீ பாட வேண்டாம்,” என்றார் ஹெஷி கடைசியாக. “டாக்டர் லிப்ஸ்கி பாடட்டும்.”

“அவருக்குக் காதே கேக்காதே.”

“கேக்காதுதான். ஆனா எழுந்து நிப்பார்.”

துதிப்பாட்டு கிட்டலுடையது. பத்தொன்பது வருஷமாகப் பண்டிகைக் காலையில் அவள் முதல் அடியை எடுத்தால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். அது போன பிறகு அவள் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். வீடு நான்கு வீடு தள்ளித்தான். காலை ஜெப நேரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்தக் குளிரில் ஏரிக் காற்று வாங்க யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை.

ஒரு சனிக்கிழமைக்கு மினியாபோலிஸ் நகரம் வரை போய் வந்தாள். அவளைப் போலவே நினைக்கிற இளைஞர்கள் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வெள்ளிக்கிழமை மத்தியானமே காரில் கிளம்பி அங்கேயே தங்கினாள். நல்ல பிள்ளைகள். தரையில் மெத்தை போட்டு உட்காரவைத்து, பருப்பு சூப் கொடுத்து, காஸாவில் செத்தவர்களுக்கும் இஸ்ரேலில் செத்தவர்களுக்கும் சேர்த்தே மன்றாடினார்கள். அவர்கள் பேசிய ஒவ்வொன்றுக்கும் கிட்டல் தலையாட்டினாள். திரும்பி வந்து ரைஸலிடம் என்ன சொன்னாள் தெரியுமா?

“எல்லாரும் சரியாத்தான் பேசறாங்க அக்கா. ஆனா ஒரு பாட்டுக்காவது நம்ம மெட்டு இல்லை. அப்பா போனப்போ எனக்குத் துக்கச் சாப்பாடா முட்டை அவிச்சு எடுத்துட்டு வந்தவங்க அதுல ஒருத்தரும் இல்லை.”

“அப்போ இங்கே வாயேன்டி.”

“வந்து எங்கே உக்கார? பொய் சொன்னாத்தான் நாற்காலின்னா, நான் நின்னுக்கிட்டே இருந்துடறேன்.”

அப்பா இறந்த வருஷத்தைச் சொல்ல வேண்டும். ரைஸல் அப்போது முதுகு ஆபரேஷன் ஆகிப் படுக்கையில் கிடந்தாள். செத்தவருக்கான ஜெபத்தைத் தினமும் காலையில் கிட்டல்தான் சொல்லியாக வேண்டும். பத்துப் பேர் கூடினால்தான் சொல்லலாம். பதினோரு மாதம், மலைச்சரிவுத் தெருவெல்லாம் பனி மூடிக் கிடக்க, வீடு வீடாக ஆளை எழுப்பிப் பத்தாக்கியவர் ஹெஷி. எட்டாக நின்ற ஒரு நாள் பல் டாக்டர் ஒருவரையும், அவரிடம் பல் பிடுங்க வந்தவரையும் சேர்த்தே இழுத்து வந்தார்.

கூடாரப் பண்டிகை வந்தது. எத்ரோக் பழமும் பேரீச்சங்குருத்தும் கையில் பிடித்து ஜெபிக்க வேண்டிய பண்டிகை. எத்ரோக் என்பது நாரத்தை ஜாதி. மஞ்சள் நிறம், முனையில் சின்னக் காம்பு, அறையே மணக்கும். ஊருக்கு மொத்தமாக இஸ்ரேலிலிருந்து பெட்டியில் வரும், பண்டிகைக் காலையில் ஆலயத்திலேயே கொடுப்பார்கள். கிட்டல் மட்டும் அந்த வருஷம் தனக்கென்று இத்தாலியிலிருந்து தருவித்திருந்தாள். இதுவும் பேச்சானது. ஆலயத்தின் குரு ரப்பி டோவ், பாவம் சின்ன வயசுக்காரர், “இத்தாலிப் பழம் ரொம்ப உசத்திங்க, பெரிய பக்திமான்களே அதைத்தான் தேடுவாங்க,” என்று சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பண்டிகைக் காலை கிட்டல் தன் சாப்பாட்டு மேஜை மேல் ஜெபப் புத்தகத்தை வைத்து, ஆசி சொல்லி, துதிப்பாட்டு பாடி, பழமும் குருத்தும் கையுமாக மேஜையைச் சுற்றி வந்தாள். ஆலயத்தில் மேடையைச் சுற்றிக் கூட்டமாக வருவார்கள். முன்னால் போகிறவரின் குதிகாலை மிதிக்காமல் யாரும் வந்ததில்லை. இங்கே மிதிக்க ஒரு நாற்காலிதான் இருந்தது. அதை இடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே ரைஸல் நின்றிருந்தாள்.

“எவ்வளவு நேரமாடி நிக்கறேன். கதவைத் திற.”

“எதுக்கு வந்தே?”

“பழமெல்லாம் போச்சு. ஹீட்டர் பக்கத்துல காஞ்சிடும்னு உங்க அத்தான் நேத்து ஃபிரிட்ஜுல வச்சு, திருகியைக் கடைசி வரைக்கும் திருகி வச்சிட்டார். உறைஞ்சு, இப்போ எடுத்தா பழுப்புக் கூழ். ஊருக்கே ஒரு பழம் கிடையாது, உன்னைத் தவிர.”

“அவர் அனுப்பினாரா?”

“ரப்பி அனுப்பினார். அவர் தடுக்கலை.”

திருகியது தான்தான் என்பதை ஹெஷி இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஃபிரிட்ஜ் பழசாம்.

கிட்டல் கோட்டை மாட்டிக்கொண்டு, பழத்தைச் சணல் நார் அடைத்த பெட்டியில் வைத்து, பனிக்கட்டியில் அடி மேல் அடி வைத்து நான்கு வீடு நடந்தாள். உள்ளே நுழைந்ததும் எல்லாத் தலையும் அந்தப் பெட்டிப் பக்கம் திரும்பியது. அந்தக் கடிதத்துக்குப் பிறகு அவளைக் கண்டு தெருவின் எதிர்ப்பக்கம் போனவர்கள் எல்லாம் வரிசையில் முன்னால் நின்றார்கள்.

ரப்பி விதியைச் சொன்னார். “முதல் நாள் இரவல் செல்லாது. கையில பிடிக்கிற நேரத்துக்கு அது அவங்கவங்க சொந்தமா இருக்கணும். அதனால கிட்டல் ஒவ்வொருத்தருக்கும் தானமாக் கொடுக்கணும், திருப்பித் தரணும்ங்கற நிபந்தனையோட. நிபந்தனை சொல்லலைன்னா போனது போனதுதான்.”

“நிபந்தனைன்னா வேற நிபந்தனையும் போடலாமா?” என்று ஒருவர் கேட்டார்.

“போடலாம்,” என்றார் ரப்பி, சற்று யோசித்து.

எல்லாருக்கும் புரிந்துவிட்டது. பாட்டைத் திருப்பிக் கொடு என்று கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். அவள் கேட்பாள் என்று நினைத்தார்கள். கேட்க வேண்டும் என்று கிட்டலுக்கும் தொண்டை வரை வந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனால் ஒவ்வொருவரிடமும், “இது உங்களுக்கு. திருப்பித் தரணும்,” என்று மட்டும் சொல்லிக் கொடுத்தாள். வாங்கினார்கள், ஆசி சொன்னார்கள், முனைக்காம்பு உடையாமல் திருப்பினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பழத்தின் வாசனையாம்.

கடைசியில் ஹெஷி.

“தர்றதுன்னா தா. பிரசங்கம் வேண்டாம்.”

“உங்களுக்குத்தான் அத்தான்,” என்று கையில் வைத்தாள். அவ்வளவுதான்.

அவர் ஆசி சொல்லி முடித்ததும் ரப்பி கிட்ட வந்தார். “நிபந்தனை சொல்ல மறந்துட்டீங்க.”

“மறக்கலை.”

“அப்போ பழம் அவருதாயிடும்.”

“ஆகட்டும். அப்பாவுக்காகப் பதினோரு மாசம் ஆளைச் சேர்த்தப்போ இவர் எனக்கு ஒரு நிபந்தனையும் போடலை. நான் மட்டும் எப்படிப் போடறது?”

ஹெஷி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடியும் கழற்றினார். பழம் இடது கையில் இருந்தது.

“இப்போ இது என்னுது.”

“உங்களுதுதான்.”

“எல்லாரோடயும் நீ மேடையைச் சுத்தணும்னா நான்தான் உனக்குத் தரணும்.”

“ஆமா.”

“எனக்கு உன் அளவு பெரிய மனசு கிடையாது. நிபந்தனையோடதான் தருவேன். திருப்பித் தரணும்.” பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். பழம் கை மாறியது.

இதற்குள், இதெல்லாம் ஒன்றும் காதில் விழாத டாக்டர் லிப்ஸ்கி மேடையில் துதிப்பாட்டைத் தொடங்கியிருந்தார். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற சுருதி. ஹெஷி மேடையேறி அவர் தோளைத் தட்டினார்.

“உக்காருங்க டாக்டர்.”

“என்ன?”

“உக்காருங்கன்னேன்.”

அவரை உட்காரவைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்துகொண்டார். கிட்டலைப் பாடச் சொல்லவில்லை. இடத்தை மட்டும் காலி செய்து வைத்தார். மேடை கொஞ்ச நேரம் வெறுமையாக இருந்தது. பிறகு கிட்டல், கோட்டைக் கூடக் கழற்றாமல், ஏறினாள். முதல் அடியில் குரல் தடுக்கியது. இரண்டாவது அடிக்குள் ஊரே சேர்ந்துகொண்டதால் யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தவர்களைத் தவிர.

உடனே எல்லாரும் ஒன்றாகிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்த வாரச் சனிக்கிழமை அரசுக்கான பிரார்த்தனை வந்ததும் கிட்டல் எல்லார் கண் முன்னாலும் நடைபாதைக்குப் போனாள். ஹெஷி அன்று அதை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சத்தமாகப் படித்தார், நடைபாதை வரை கேட்கட்டும் என்று. கிட்டல் திரும்பி வந்து, “நல்லாவே கேட்டுது அத்தான்,” என்றாள்.

அடுத்த கோடையில் ஹைஃபாவில் மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. ஹெஷியும் ரைஸலும் கண்ணாடிக் கடையை விற்றுவிட்டு அங்கேயே போய்விட்டார்கள். விமான நிலையத்துக்குக் கார் ஓட்டியவள் கிட்டல். வழியெல்லாம் அத்தானோடு சண்டை, இறங்கியதும் மூவரும் அழுகை. ரப்பி டோவ் வெயில் வேண்டும் என்று அரிசோனா போனார். லிப்ஸ்கி எழுபத்தொன்பதாவது வயதில், பாலத்துக்கு அந்தப் பக்கம் சுப்பீரியர் ஊரில் இருக்கும் ஒரு விதவையைக் கல்யாணம் செய்துகொண்டார். அவள் பேசுவது மட்டும் கேட்கிறதாம். துதிப்பாட்டு இப்போது கிட்டலுடையதுதான். புதிய தலைவர் பிரார்த்தனையை மெதுவாக, மரியாதையாகப் படிக்கிறார். அவள் வெளியே போவதைப் பார்த்து யாரும் முறைப்பதில்லை, அது அவளுக்குப் பிடிக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமைதோறும் ரைஸல் ஓய்வுநாள் தொடங்குமுன் போன் செய்கிறாள். “ஒரு தடவை வந்து பாரேன்டி,” என்பாள். “நீ வா,” என்பாள் இவள். ரைஸலின் முதுகு இன்னொரு தடவை அவ்வளவு தூரம் தாங்காது. கிட்டல் இன்னும் போகவில்லை.