புது முழங்கை

மாரியாத்தாளின் வலது கை மடங்காமல் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. சீழுக்குச் சரியான மருந்து இல்லாத வெள்ளைக்காரன் காலம்; முழங்கையில் சீழ் வைத்தது. உயிர் பிழைத்ததே பெரிது. சீழ் வற்றியபோது மேலெலும்பும் கீழெலும்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கை நீட்டிய வாக்கில் நின்றுவிட்டது. அந்தக் கையால் சாணி வழிக்கலாம், கன்றுக்குட்டியை இழுத்துப் பிடிக்கலாம். வாய்க்கு மட்டும் எட்டாது. இடது கையால் சோறு தின்ன அவள் மனம் ஒப்பவில்லை.

முதலில் மகள் ஊட்டினாள். அவளைப் பவானியில் கட்டிக்கொடுத்த பிறகு கணவர் அப்புசாமிக் கவுண்டர் ஊட்டினார். ஆனைமலைப் பக்கம் எந்த ஆம்பளையும் செய்யாத காரியம். கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்தார். அப்படியும் ஊருக்குத் தெரிந்துபோயிற்று.

“கவுண்டரு குருவிக்குஞ்சு வளக்கறாருங்கோ” என்று கிணற்றடியில் சிரித்தார்கள்.

சிரித்துவிட்டுப் போகட்டும் என்று மாரியாத்தாள் இருந்தாள். மற்ற வீடுகளில் ஆண்கள் உண்டுவிட்டு எழுந்து போவார்கள், பெண்கள் பிறகு அடுப்படியில் உண்பார்கள். இந்த வீட்டில் புருசனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தால் பேச்சு வராமலா இருக்கும்? கட்டிய நாளிலிருந்து ‘சோறு போடு, தண்ணி கொண்டா’ என்பதைத் தாண்டாத மனிதர், ஒரு வாய்க்கும் மறு வாய்க்கும் நடுவில் ஒரு சேதி சொன்னார். காளை நொண்டியது, பருத்தி விலை, சம்பந்தியம்மாளின் வாய். அவளும் மென்றுகொண்டே பதில் சொன்னாள். அவளுக்கு இத்தனை யோசனை உண்டு என்பது அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

ஆனாலும் கோயமுத்தூரில் கை மடக்கிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவர்தான் அவளைக் கூட்டிப்போனார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கோவிந்தராஜுலு முழங்கையைத் தட்டிப் பார்த்தார்.

“முன்னெல்லாம் ஒட்டின எடத்தை வெட்டிவிட்டுடுவோம். ஒண்ணு, மறுபடி ஒட்டிக்கும். இல்லேன்னா கை துணியாட்டம் தொங்கும். நடுவுல ஏதாச்சும் வச்சா ஒட்டாதுன்னு கண்டுபிடிச்சாங்க. பன்னியோட மூத்திரப்பைச் சவ்வைக்கூட வச்சுப் பாத்தாங்க.”

“அய்யோ சாமி!” என்றாள் மாரியாத்தாள்.

“பயப்படாதம்மா. இப்ப உன் தொடையிலிருந்தே ஒரு சவ்வு எடுத்து வைப்போம். அமெரிக்காவுல ஒருத்தர் இடுப்பு மூட்டுக்குக் கண்ணாடிக் கிண்ணமே செஞ்சு வைக்கறாராம்.”

“கண்ணாடி ஒடஞ்சு போகாதுங்களா?” என்றார் அப்புசாமி.

“ஒடையுதுதான். வேற எதுல செய்யலாம்னு தேடிட்டிருக்காங்க.”

“அப்ப எங்களுக்குத் தொடையே போதுமுங்க.”

அறுவை நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்த அன்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: “நான் மூட்டு செஞ்சுட்டேன். அதைப் பழக்க வேண்டியது நீதான். தலை சீவு, மூஞ்சி கழுவு, உன் சோத்தை நீயே எடுத்துத் தின்னு. வலிக்கும். வலிக்குதுன்னு விட்டா மறுபடி ஒட்டிக்கும். இன்னொரு தடவை என்னால முடியாது.”

அப்புசாமி சிங்காநல்லூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். தினமும் தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்தார். கட்டிலருகே உட்கார்ந்து பிசைந்து, வழக்கம்போல ஊட்டினார். வலிக்கிற கையை எதற்கு அலட்டுவது என்பது அவர் நினைப்பு. மாரியாத்தாளும் வாயைத் திறந்தாள். நர்ஸ் வந்து கையை மடக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். மற்ற நேரம் கை தலையணை மேல் கிடந்தது. அந்த வாரக் கடைசியில் அளந்து பார்த்த டாக்டரின் முகம் கடுத்தது. மடங்கிய அளவு குறைந்திருந்தது.

பக்கத்துக் கட்டிலில் கோட்டைமேட்டு ஜாஹிதா. இடுப்பெலும்பு முறிந்து கிடந்தவள். அப்புசாமி வெளியே போனதும் கேட்டாள்.

“ஏம்மா, கை வலிக்குதா, இல்ல கவுண்டரு ஊட்டறது ருசிக்குதா?”

மாரியாத்தாள் சிரித்தாள். பிறகு சொன்னாள்: “கை நல்லாயிருச்சுன்னா அவரு எதுக்கக்கா ஏங்கூட ஒக்காரப் போறாரு? உண்டு போட்டுத் துண்டை ஒதறிட்டுப் போயிருவாரு.”

ஜாஹிதா சிரிக்கவில்லை.

“எனக்கு இடுப்புல வைக்கறதுக்கு ஒண்ணுமில்லேன்னுட்டாரு டாக்டரு. இனி கட்டை ஊணித்தான் நடக்கோணும். உனக்கு வச்சிருக்காரு. அதைப் போயி அழிக்கறயே.”

மறுநாள் அப்புசாமி போசியைத் திறந்தார். அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோறு. நெய் மணத்தது.

“தட்டுல போட்டு இங்க வெய்யுங்க. நானே உண்டுக்கறேன்” என்றாள்.

“வலிக்குமே, அம்மணி.”

“வலிச்சா வலிக்கட்டும்.”

அள்ளினாள். முழங்கைக்குள் நெருப்பு ஓடியது. கை மார்புக்கு வந்து நின்றது. சோறு மடியில் விழுந்தது. மறுபடி அள்ளினாள். தாடை வரைக்கும் வந்தது. அப்புசாமியின் கை தானாக எழுந்தது. ஜாஹிதா அதட்டினாள்: “கவுண்டரே, கையைக் கட்டிக்கிட்டு ஒக்காருங்க!”

அவர் கையை அக்குளில் செருகிக்கொண்டார். மாரியாத்தாள் கழுத்தைத் தாழ்த்தி, கண்ணில் நீர் முட்ட, உதடு நீட்டிக் கவ்வினாள். நாலு பருக்கை. சொந்தக் கையால் தின்ற சோறு. தட்டு காலியாவதற்குள் சோறு ஆறிப்போனது. மெதுவாகத் தின்றாள், ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

ஊர் திரும்பும்போது கை தோளைத் தொடுமளவுக்கு மடங்கியது. பாரம் தூக்கினால் கொஞ்சம் ஆடியது. அது போகட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வீட்டில் முதல் நாள் ராத்திரி அவருக்குச் சோறு போட்டாள். அவர் உண்டார், கை கழுவினார், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மாரியாத்தாள் அடுப்படியில் தனக்குப் போட்டுக்கொண்டாள். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். முதல் கவளத்தை உருட்டினாள்.

அவர் திரும்ப வந்தார். ஒரு பலகையைக் காலால் நகர்த்தி எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“என்னங்க, ஏதாச்சும் வேணுமுங்களா?”

“ஒண்ணும் வேண்டாம். நீ உண்ணு” என்றார். துண்டை மடியில் போட்டுக்கொண்டு கேட்டார்: “கரண்டுக்காரன் நம்ம தோட்டத்து வழியா கம்பம் நடறானாம். கெணத்துக்கு மோட்டாரு வெச்சுப்போடலாமா? ஒருத்தன் வெய்யிங்கறான், ஒருத்தன் வேண்டாங்கறான். நீ என்ன சொல்றே?”

மாரியாத்தாள் கவளத்தை வாயில் போட்டாள். நன்றாக மென்றாள். பிறகுதான் பதில் சொன்னாள்.