இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை

ஆஸ்பத்திரிக் கூட்ட அறைத் திரையில் ஆராய்ச்சி முடிவின் கடைசிப் படம் வந்தது. அடியில் எறும்பு சைஸில் ஒரு வரி: "உதவிய செவிலியர்களுக்கு நன்றி." அதைப் பார்த்ததும் மிளகாய் சிஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வாய்க்குப் பயந்து நோயாளிகள் வைத்த பெயர் அது. டாக்டர்களும் அவள் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆக, முடிவு என்னன்னா," என்றார் ஆராய்ச்சி டாக்டர். "நோயாளியை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வெச்சாலும், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெச்சாலும், படுக்கைப் புண் வர்றதுல வித்தியாசமே இல்ல. அடுத்த மாசத்துலேருந்து எல்லா வார்டுலயும் நாலு மணி நேரம்தான். ஷிஃப்டுக்கு ஒரு சிஸ்டரை வேற இடத்துக்கு மாத்திக்கலாம்."

பெரிய டாக்டர் கைதட்டினார். உடனே எல்லாரும் தட்டினார்கள்.

மிளகாய் சிஸ்டர் தட்டவில்லை. ஆராய்ச்சி நடந்த ஆறு மாதமும் அவள் வார்டு இரண்டு மணி நேர வார்டு, எதிர் வார்டு நாலு மணி நேர வார்டு. அவள் வார்டில் முப்பத்திரண்டு கட்டில், மூன்று சிஸ்டர்கள். ஒரு ஆளைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். நடுவில் ஊசி, மருந்து, புதிதாக வருகிறவர்கள், சொந்தக்காரர்களின் சண்டை. மூச்சு விட நேரம் கிடைத்தபோது புரட்டினார்கள். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஒரு கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு, எல்லாத் தாளிலும் புரட்டிய நேரம் எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு என்று கடகடவென்று எழுதித் தள்ளினார்கள். எதிர் வார்டிலும் இதே கூத்துதான். ஆராய்ச்சியெல்லாம் டாக்டர்களின் பதவி உயர்வுக்கு, நமக்கென்ன வந்தது என்று அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்து அவளுக்கே ஆத்திரமாக வந்தது.

பக்கத்தில் இருந்த நெட்டை சிஸ்டர், அவளோடு அதே வார்டில் வேலை பார்ப்பவள், தொடையில் கிள்ளினாள். "அக்கா, உங்க மூஞ்சியே சரியில்ல. வாயைத் திறக்காதீங்க, எல்லாரும் மாட்டிக்குவோம்."

"திறக்கலேன்னா பத்தாம் நம்பர் கொத்தனார் முதுகு அழுகிடும்டி." சாரத்திலிருந்து விழுந்தவர் அவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே கிடையாது. புண் வந்தாலும் அவருக்கு வலி தெரியாது.

அவள் எழுந்துவிட்டாள். "டாக்டர், ஆறு மாசத்துல ஒரு நாளாவது எங்க தாள்ல எட்டு மணி எட்டேகால் ஆச்சா? பாத்தீங்களா? நாங்க என்ன ரயிலா ஓட்டறோம்? ரயிலே லேட்டாத்தானே வருது!"

"அது உங்க ஒழுங்கு சிஸ்டர். அதுக்குத்தானே நன்றி போட்டிருக்கேன்."

"ஒழுங்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அத்தனையும் பொய். ஷிஃப்ட் முடியறப்ப உக்காந்து எழுதினது. இந்த வார்டும் நேரத்துக்குப் புரட்டல, அந்த வார்டும் புரட்டல. அப்புறம் வித்தியாசம் எங்கேருந்து வரும்?"

டாக்டரின் முகம் கறுத்தது. "தெரிஞ்சே பொய் எழுதினீங்களா?"

"நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்க? 'சும்மா நிரப்பிக் குடுங்க சிஸ்டர்'னீங்க. சும்மாதான் நிரப்பினோம்! எத்தனை பெட், எத்தனை பேரு, உங்களால முடியுமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஆறு மாசத்துல ஒரு நாள் வார்டுக்குள்ள கால் வெச்சீங்களா? தாளை வாங்கிட்டுப் போகக்கூட ஆளை அனுப்பினீங்க. என்கிட்ட கேட்டிருந்தா யார் முதுகு எந்த நேரத்துல சிவக்கும்னு நானே சொல்லியிருப்பேன். எழுதற கை மட்டும் எங்களுது, புத்தி உங்களுதுன்னு நெனச்சீங்க." தன் நெஞ்சில் தட்டிக்கொண்டாள். "நானும் அப்படியே நெனச்சேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இதை எழுத்துல குடுப்பீங்களா?"

அங்கேயே எழுதிக் கொடுத்தாள். தன் வார்டுத் தாள்களைத் தானே எழுதியதாக, தன்னை மட்டும் வைத்து எழுதினாள். நெட்டை சிஸ்டர் தலையை நிமிர்த்தவே இல்லை.

மூன்றாம் நாள் இரண்டு தாள்கள் வந்தன. முதல் தாளில், நாலு மணி நேரத் திட்டம் ரத்து, பழையபடி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் என்று இருந்தது. அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள் இரண்டாவது தாள். பொய்ப் பதிவு எழுதியதற்காக, விசாரணை முடியும் வரை அவள் சஸ்பெண்ட். உடனே வெளியேற வேண்டும். அவளுக்குப் பதில் யாரையும் போடவில்லை. ஆராய்ச்சி டாக்டருக்கு எந்தத் தாளும் வரவில்லை.

பையை எடுக்க வார்டுக்குப் போனாள். வெளியே கொண்டுவிடக் காவலாளி பின்னாலேயே வந்தார். மூன்றாவது சிஸ்டர் வார்டின் மறுகோடியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். பத்தாம் நம்பர் கட்டிலில் நெட்டை சிஸ்டர் தனியாக, ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றி, விரிப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்து சிஸ்டர், உங்க இடுப்பும் போயிடப் போகுது," என்றார் கொத்தனார்.

மிளகாய் சிஸ்டர் பையைத் தரையில் போட்டுவிட்டு மறுபக்கம் பிடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆள் புரண்டார். வால் எலும்பு இருக்கும் இடத்தில் தோல் சிவந்திருந்தது. கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். சிவப்பு வெளுக்கவில்லை. புண் ஆரம்பித்துவிட்டது.

"நல்லாத்தான் பேசினீங்கக்கா," என்றாள் நெட்டை சிஸ்டர். அவள் கண்ணில் நீர், குரலில் கோபம். "ரெண்டு மணி நேரம்னு உத்தரவு வாங்கிக் குடுத்துட்டீங்க. அடுத்த தடவை நான் யாரைக் கூப்பிடட்டும்?"

மிளகாய் சிஸ்டர் சட்டென்று காவலாளி பக்கம் திரும்பினாள். "அண்ணே, கையைக் கழுவிட்டு வாங்க. எப்படிப் பிடிக்கணும்னு சொல்லித் தர்றேன்."

காவலாளி தர்மசங்கடமாக நெளிந்தார். "எனக்கு உங்களை வெளிய விடத்தான் ஆர்டர் சிஸ்டர்."

"ஆர்டராம் ஆர்டர்!" வார்டே திரும்பிப் பார்க்கும்படி அவள் கத்தினாள். "ஆளாளுக்கு ஒரு ஆர்டர் வெச்சிருக்கீங்க. இந்த மனுஷனைப் புரட்ட ஒருத்தருக்கும் கை இல்ல!"